கையொப்பம் மட்டும் சம்மதமாகாது



2009-இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடைபெற்றது. விடுதிகளில் தங்கிப் பயின்ற பழங்குடிச் சிறுமியர் பலருக்குப் பெற்றோரின் சம்மதம் பெறப்படவில்லை. விடுதிக் காப்பாளர்களே கையொப்பமிட்டனர். 2010-இல் அரசு அவ்வாய்வை நிறுத்தியது. அத்தடுப்பூசி நற்பயன் தருவதே. ஆயினும் கேளாமற் செலுத்தியது பிழை.

2019 முதல் எம்.பி.பி.எஸ். படிப்பில் அறநெறிப் பாடம் இடம்பெற்றுள்ளது. அதனை மனப்பாடம் செய்து தேர்வு எழுதினால் போதாது. நாளை ஜவ்வாது மலையிலிருந்து எழுத்தறியாத தாய் ஒருவர் இறங்கி வருவார். ஆய்வுக்கென அவரது குருதியை எடுக்குமுன், "இவருக்கு விளங்கும் மொழியில் சொன்னேனா? மறுத்தாலும் சிகிச்சை உண்டு என்றேனா?" என உங்களையே வினவுங்கள். விடுதிச் சோறுண்டு வளர்ந்த நமக்கு அச்சிறுமியர் தங்கையர் அல்லரோ?