அடுத்த வாசல்



சேத்தூர்க்காரர்கள் ஊரை விட்டுக் கிளம்பினால் முதலில் கண்ணில் படுவது மேற்கு மலைதான். தேவதானம் பக்கம் சாஸ்தா கோயில் அணை, நச்சாடை தவிர்த்தருளியவர் கோயில் கோபுரம், தென்னந்தோப்பு, மாந்தோப்பு, அதற்கு மேலே மலை. ராஜபாளையம் தாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, கிருஷ்ணன்கோவில் வரைக்கும் அந்த மலை பேருந்தின் இடது ஜன்னலில் கூடவே வரும். பிறகு விலகிவிடும். மலை விலகினால்தான் வெளியூர் போகிறோம் என்று மனம் ஒப்புக்கொள்ளும்.

அந்த மலையை விட்டு விலகிப் போக முடியாமல் எங்கள் ஊரில் எத்தனையோ பேருடைய படிப்பு நின்றுபோயிருக்கிறது. புலவர்களை ஆதரித்த ஜமீன் எங்களுடையது. பக்கத்து முகவூரில் கவிராயர் குடும்பமே தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வளர்த்தது. பள்ளிக்கூடமும் இருந்தது. ஆனால் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பையனுக்கு அடுத்த படி எங்கே? ராஜுக்கள் கல்லூரி 1973இல்தான் ராஜபாளையத்துக்கு வந்தது. அதற்கு முன்னால் விருதுநகர், மதுரை, பாளையங்கோட்டை என்று பெட்டியைத் தூக்க வேண்டும். விடுதிக்குப் பணம் கட்ட வேண்டும். என் அப்பாவோடு படித்தவர்களில் கணக்கில் புலியாக இருந்தவர்கள் பலர் தறிக்கும் மில்லுக்கும் போனார்கள். அறிவு குறைந்து போகவில்லை, தூரம் கூடிப்போயிற்று.

அதனால்தான் பள்ளியும் கல்லூரியும் அடுத்தடுத்து நிற்கிற ஓரிடத்தைப் பார்த்தால் எனக்குக் கால் நகராது. இன்று உங்களை அப்படிப்பட்ட ஓர் இடத்துக்குத்தான் கூட்டிப் போகிறேன். திருச்சிராப்பள்ளி தெப்பக்குளத்தின் பக்கத்தில், மலைக்கோட்டையின் நிழலில் இருக்கிற தூய வளனார் வளாகம். செயின்ட் ஜோசப்ஸ் என்றால் திருச்சியில் எந்த ஆட்டோக்காரரும் கொண்டுபோய் விடுவார்.

சேத்தூரிலிருந்து ஏறத்தாழ 230 கிலோமீட்டர். திருமங்கலம், மதுரை, மேலூர், கொட்டாம்பட்டி, துவரங்குறிச்சி, விராலிமலை. திருச்சியில் இறங்கி, சத்திரம் பேருந்து நிலையம் போகும் நகரப் பேருந்தில் ஏறிக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கு அங்கே போய் நின்றால் நான் சொல்ல வருவது கண்ணாலேயே விளங்கும். லால்குடி, மண்ணச்சநல்லூர், ஸ்ரீரங்கம், முசிறி என்று எல்லாத் திசையிலிருந்தும் பேருந்துகள் வந்து பிள்ளைகளைக் கொட்டும். சீருடைகளே பத்து நிறத்தில். வளனார் மேல்நிலைப் பள்ளிக்கு ஒரு கூட்டம், பிஷப் ஹீபர் பள்ளிக்கு ஒரு கூட்டம், 1923இல் தொடங்கிய ஹோலி கிராஸ் மகளிர் கல்லூரிக்கு ஒரு கூட்டம். காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பிள்ளைகள். தூக்குச்சட்டியோ டிபன் பாக்ஸோ கையில் இருக்கும். பேருந்து நிலையத்தின் வாசலிலேயே கல்லூரி இருப்பது எத்தனை பெரிய கொடை என்பது, பெட்டி கட்டிக்கொண்டு போய்ப் படித்த ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

உள்ளே போகும் முன் அந்தப் பெயரில் ஒரு நிமிடம் நிற்போம். வளனார். சூசையப்பர் என்று சர்ச்சிலும், ஜோசப் என்று தெருவிலும் சொல்கிற அதே புனிதர்தான். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்குப் பெருகச் செய்பவர் என்கிற மாதிரிப் பொருள். அதை வளன் என்று தமிழாக்கியவர் வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்த கான்ஸ்டன்டைன் பெஸ்கி. அந்த வளனைத் தலைவனாக வைத்துத்தான் தேம்பாவணியை 3615 பாடல்களில் பாடினார். நம் பக்கத்துக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. அவர் தமிழகத்துக்கு வந்த புதிதில் பணியாற்றியது காமநாயக்கன்பட்டியில். 1714ஆம் ஆண்டு வாக்கில், நம் சங்கரன்கோவில் பக்கத்துக் குருக்கள்பட்டியில் பிடிபட்டு, மரண தண்டனை வரைக்கும் போய்த் தப்பினார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அன்றைக்குத் தப்பாமல் போயிருந்தால் தேம்பாவணி இல்லை, சதுரகராதி இல்லை, இந்தக் கல்லூரியின் முகப்பில் வளனார் என்கிற சொல்லும் இல்லை. சேத்தூரிலிருந்து அந்தக் குருக்கள்பட்டி அப்படியொன்றும் தொலைவில்லை.

பெஸ்கியின் சபை இயேசு சபை. அதை 1773இல் போப்பாண்டவரே கலைத்தார். 1814இல் மறுபடி உயிர் வந்தது. 1830களின் கடைசியில் பிரெஞ்சுக் குருக்கள் பழைய மதுரை மிஷனுக்குத் திரும்பினார்கள். 1844இல் அவர்கள் கல்லூரி தொடங்கியது திருச்சியில் இல்லை, நாகப்பட்டினத்தில். கப்பல் வந்து நிற்கிற ஊர், அதனால் அங்கே. 1860களின் தொடக்கத்திலேயே நாகையிலிருந்து திருச்சிக்கு ரயில் பாதை வந்துவிட்டது. தமிழ்நாட்டின் நடு மையமாகத் திருச்சி வளர்ந்தது. 1883இல் கல்லூரியே மூட்டை கட்டித் திருச்சிக்கு வந்து சேர்ந்தது. 2019இல் அதற்கு 175 வயது நிறைந்தது.

அந்தக் காலத்தில் கல்லூரி என்றால் இன்றைய பொருள் இல்லை. பத்து வயதுப் பையனும் இருபது வயது இளைஞனும் ஒரே நிறுவனத்தில் படித்தார்கள். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தபோது, உள்ளே நுழைவதற்கு வைத்த தேர்வுக்குப் பெயர்தான் மெட்ரிகுலேஷன். இன்று எல்.கே.ஜி. குழந்தை சேருகிற பள்ளியின் பலகையில்கூட அந்தச் சொல் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் வாசல்படி என்பதுதான் அதன் முதல் பொருள். அதைத் தாண்டினால் எஃப்.ஏ., பிறகு பி.ஏ. பின்னால் எஃப்.ஏ. இன்டர்மீடியட் ஆயிற்று, இன்டர்மீடியட் போய் பி.யு.சி. வந்தது. 1978இல் பி.யு.சி.யும் போய், பதினொன்றும் பன்னிரண்டும் பள்ளிக்கூடத்துக்கே வந்து சேர்ந்தன. கல்லூரிக்குத் தயார் செய்கிற அந்த இரண்டு வருடம் நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கு வந்தது அன்றைக்குத்தான். கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது எத்தனை பெரிய மாற்றம் என்பதை யாரும் விழா எடுத்துக் கொண்டாடியதில்லை. கொண்டாடியிருக்க வேண்டும்.

இனி உள்ளே போகலாம். சாலையோரம் முதலில் நிற்பது லூர்து அன்னை ஆலயம். பிரான்ஸ் தேசத்து லூர்து நகரப் பேராலயத்தை மனத்தில் வைத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எழுப்பியது. கூர்மையாக மேலே ஏறுகிற கோத்திக் பாணி. கோபுரம் ஏறத்தாழ 200 அடி. ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி. வெயில் ஏற ஏற உள்ளே தரையில் நிறம் மாறிக்கொண்டே வரும். வெளியே திருச்சி வெயில் கொதிக்கும்போது உள்ளே நுழைந்தால் உடம்புக்கு முதலில் தெரிவது குளிர்ச்சி, காதுக்குத் தெரிவது அமைதி. எந்த மதத்தவரும் போய் உட்காரலாம். நானும் உட்கார்ந்தேன்.

வெளியே வந்து திரும்பினால் 83 மீட்டர் உயரப் பாறை, அதன் உச்சியில் பிள்ளையார். கோத்திக் கோபுரமும் உச்சிப்பிள்ளையார் கோயிலும் ஒரே பார்வையில் விழும் இடம் இது. தெப்பக்குளக் கரையில் கிளைவ் வீடு என்று ஒரு பழைய கட்டடம். கர்நாடகப் போர்களின் காலத்தில் ராபர்ட் கிளைவ் தங்கியிருந்ததாகச் சொல்லப்படும் வீடு, பிற்காலத்தில் மாணவர் விடுதியாயிற்று. பீரங்கிக்காரர் தங்கிய இடத்தில் பையன்கள் துண்டு காயப்போட்டார்கள் என்பதை நினைத்தாலே மனசு நிறைகிறது. கொஞ்சம் மேற்கே, பழைய கோட்டையின் மிச்சமாக மெயின்கார்டு கேட். கோட்டைச் சுவர் போய்விட்டது, வாசல் மட்டும் நிற்கிறது.

வளாகத்துக்குள்ளே பழைய கட்டடங்களின் நீளமான வராந்தாக்கள்தான் அழகு. வளைவுக்குப் பின் வளைவு. கனத்த சுவர்கள். மின்விசிறி இல்லாத காலத்தில் வெயிலை வெளியே நிறுத்தக் கட்டியவை. லாலி ஹால் என்ற மண்டபம் இருக்கிறது. 1906 முதல் 1911 வரை சென்னை கவர்னராக இருந்த ஆர்தர் லாலியின் பெயர். பழைய புத்தகம் புரட்டுகிறவர்களுக்கு இன்னொரு பெயரும் பழக்கமாக இருக்கும்: திருச்சி செயின்ட் ஜோசப்ஸ் இன்டஸ்ட்ரியல் ஸ்கூல் அச்சகம். பட்டப் படிப்போடு அச்சுக் கோர்க்கும் தொழிலையும் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள் இந்தக் குருக்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்தக் கோபுரமோ மண்டபமோ இல்லை. ராபினா ஹெர்பேரியம். உலர்த்திய செடிகளின் நூலகம். ஆல்பிரட் ராபினா என்ற பிரெஞ்சுக் குரு தாவரவியல் கற்பித்தவர். அவர் பெயரில் 1967இல் இதைத் தொடங்கியவர் கே.எம். மேத்யூ என்ற இயேசு சபைக் குரு. ஒவ்வொரு தாளிலும் ஒரு செடி. வேர், தண்டு, இலை, பூ எல்லாம் அழுத்தி உலர்த்தி ஒட்டியிருக்கும். கீழே எங்கே எடுத்தது, என்றைக்கு எடுத்தது, எடுத்தவர் யார் என்ற குறிப்பு. தமிழகத்தின் கர்நாடகச் சமவெளியில் முளைக்கிற ஒவ்வொரு செடியையும் தேடி நடந்து, மேத்யூவும் அவர் குழுவும் எழுதிய பெரும் நூல் வரிசை 1980களில் வெளிவந்தது. பிறகு பழனி மலைக்கும் எழுதினார். வேலிப் பூண்டு, வரப்புப் புல், கண்மாய்க் கரைக் கோரை என்று நாம் மிதித்துப் போகிறவற்றுக்கெல்லாம் அங்கே பெயரும் தாளும் உண்டு. மேத்யூ 2004இல் காலமானார். மலையடிவாரத்தில் பிறந்த எனக்கு, கல்லூரி என்றால் இதுதான் என்று தோன்றியது அந்த அலமாரிகளின் கதையைக் கேட்டபோதுதான்.

இங்கே படித்தவர்களில் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. ராமேசுவரத்துப் பையன் ஒருவர், ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் முடித்துவிட்டு 1950இல் இன்டர்மீடியட் படிக்க வந்தார். 1954இல் இயற்பியலில் பட்டம் பெற்றார். அப்துல் கலாம். விடுதி அறையில் அவரோடு இருந்தவர்கள் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பையன் ஒருவர், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் ஒருவர். மூவரும் நான்கு சுவருக்குள் ஒன்றாக இருந்தார்கள். மூன்றாம் ஆண்டில் சைவ உணவகத்துக்குச் செயலாளராகக் கலாமைத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதிப் பொறுப்பில் இருந்த செக்வேரா என்ற குருவைப் பற்றித் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்தக் குருவின் சொல்படி, தீபாவளியன்று விடுதிச் சகோதரர் அறை அறையாகப் போய், குளிப்பதற்கு நல்லெண்ணெய் கொடுப்பாராம். கத்தோலிக்கக் குரு, இந்துப் பிள்ளைகளின் எண்ணெய்க் குளியல், அதைப் பார்த்து நெகிழ்ந்து எழுதியவர் ஒரு முஸ்லிம் மாணவர். அந்த எண்ணெய்க் கிண்ணத்தை நினைத்தபடிதான் நான் அந்த வளாகத்தில் நடந்தேன்.

அதே காலத்தில் அதே கல்லூரியில் இயற்பியல் படித்தவர் ஸ்ரீரங்கத்து ரங்கராஜன். பின்னால் எழுத்தாளர் சுஜாதா. இருவரும் அடுத்துச் சென்னைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் படித்தார்கள். ஒருவர் ராக்கெட் பக்கம் போனார். இன்னொருவர் மின்னணு வாக்கு இயந்திரத்தை உருவாக்கியவர்களில் ஒருவரானார், கூடவே தமிழ் உரைநடையையும் புதிதாக்கினார்.

இந்த வாசல் எல்லோருக்கும் எப்போதும் ஒரே மாதிரித் திறந்திருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். 1890களில் இங்கே படித்த பிராமண மாணவர்கள் சிலர் ஞானஸ்நானம் பெற்றபோது ஊரே கொதித்தது. அவர்களுக்கென்று மேரீஸ் தோப்பில் தனிக் குடியிருப்பு அமைந்தது. மதம் மாறியும் சாதி தனியாகவே குடியிருந்தது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதிச் சுவர் நின்று 1910இல்தான் இடிந்தது. திருச்சிக் கல்லறைத் தோட்டத்திலும் சுவர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தனித்தனியாக மண்டியிட்டவர்களின் பிள்ளைகள், திங்கட்கிழமை வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. கோயிலால் முடியாததைப் பெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தது என்றே நினைக்கிறேன்.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு குறிப்பு. ஆலயத்துக்குள் எப்போதும் போகலாம். பள்ளிக்கும் கல்லூரிக்கும் வாசலில் அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும். ஹெர்பேரியம் ஆய்வுக்கான இடம், முன்கூட்டியே எழுதிக் கேட்பது மரியாதை. மே மாதம் வேண்டாம், பாறை சுடும். மார்கழி, தை நல்லது. மலைக்கோட்டை ஏறுவதாக இருந்தால் மதியத்துக்கு முன் ஏறிவிடுங்கள்.

மாலை நான்கரைக்கு மேல் சத்திரம் பேருந்து நிலையத்தின் பக்கம் நின்றேன். மணி அடித்து, பள்ளிப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பையனாக இருக்க வேண்டும், அரும்பு மீசை. லால்குடிப் பேருந்துக்குக் காத்திருந்தான். அடுத்த வருடம் எங்கே என்று கேட்டேன். கேள்வியே புரியாதவன் மாதிரி என்னைப் பார்த்தான். பிறகு கல்லூரி வாசலைக் கையால் காட்டி, "இதோ இங்கதான் சார்" என்றான். பேருந்து வந்தது. ஏறிக்கொண்டான்.