கர்ப்பிணிக்கு உடல் சூடு: எது இயல்பு, எது காய்ச்சல்?



மகளோ மருமகளோ கர்ப்பமாக இருக்கும் வீட்டில், "உடம்பெல்லாம் சூடாக இருக்கிறது, இரவில் வேர்த்துக் கொட்டுகிறது" என்று அவர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தமிழில் புழுக்கமும் சூடுதான், காய்ச்சலும் சூடுதான், மாம்பழம் சாப்பிட்டால் வருவதாகச் சொல்வதும் சூடுதான். மருத்துவரிடம் இதை ஆங்கிலத்தில் சொல்லவேண்டிய மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில், "எந்தச் சூடு?" என்று நான் முதலில் கேட்டாக வேண்டும். நீங்களும் வீட்டில் அதையே கேளுங்கள்.

முதலில் புழுக்கம். கர்ப்ப காலத்தில் தாயின் ரத்த அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. தோலுக்கு அதிக ரத்தம் பாய்கிறது. ஹார்மோன்கள் மாறுகின்றன. குழந்தையின் உடல் வெப்பத்தையும் தாயின் உடல்தான் வெளியேற்ற வேண்டும். சிங்கப்பூரில் இரவிலும் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. ஆகவே காய்ச்சல் இல்லாமல் வியர்ப்பது பெரும்பாலும் இயல்பானதே.

அவருக்கு நீங்கள் இப்படி உதவலாம்:

• "சளி பிடிக்கும்" என்று மின்விசிறியையோ குளிர்சாதனத்தையோ நிறுத்தாதீர்கள். சளி கிருமியால் வருவது.
• தளர்வான பருத்தி உடையும் மெல்லிய போர்வையும் போதும். மாற்று உடை, துண்டு, தண்ணீர் ஆகியவற்றைக் கட்டில் அருகில் வையுங்கள்.
• படுக்கும் முன் குளிப்பது இதமாக இருக்கும்.
• "கால் வீங்கும்" என்று தண்ணீரைக் குறைக்க வேண்டாம். நாளொன்றுக்கு 8 முதல் 12 கப் வரை குடிக்கலாம். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள்.
• காரமான உணவும் காப்பியும் வியர்வையைக் கூட்டினால், இரவில் தவிர்க்கலாம்.

அடுத்தது காய்ச்சல். நெற்றியில் கை வைத்துப் பார்த்தால் மட்டும் போதாது. 2003ஆம் ஆண்டில் சார்ஸ் பரவியபோது வீடுகளுக்கு வெப்பமானி கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். அதுபோல் ஒன்று கர்ப்பிணி இருக்கும் வீட்டில் கட்டாயம் வேண்டும். அது காட்டும் எண்ணுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

வெப்பநிலை 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கம்பளியால் போர்த்தி வியர்க்க வைக்காதீர்கள். காய்ச்சல் டெங்கியாகவும் இருக்கலாம். ஆகவே மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள்.

காய்ச்சல் இல்லாவிட்டாலும், பின்வருவன இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்:

• வியர்வையுடன் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், எடை குறைதல். இது தைராய்டு கோளாறாக இருக்கலாம்.
• இரண்டு வாரத்துக்கு மேல் இருமல். காசநோயிலும் இரவு வியர்வை வரும்.
• இன்சுலின் போடுபவருக்குத் திடீர் வியர்வையும் நடுக்கமும் வந்தால், சர்க்கரை இறங்கியிருக்கலாம். உடனே இனிப்புப் பானம் கொடுத்து, சர்க்கரை அளவைப் பாருங்கள்.

மயக்கம், மூச்சுத்திணறல், குழப்பமான பேச்சு ஆகியவற்றில் எது வந்தாலும் 995ஐ அழையுங்கள். ரத்தப்போக்கு ஏற்பட்டாலோ குழந்தையின் அசைவு குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பிள்ளை பெற்ற பிறகும் சில வாரங்களுக்கு இரவில் வியர்க்கலாம். பத்தியம் இருக்கும் அந்த நாள்களிலும் 38 டிகிரி என்ற அதே அளவுகோல்தான். பிரசவத்திற்குப் பின் வரும் காய்ச்சல் கிருமித்தொற்றின் அறிகுறியாக இருக்கலாம். தாமதித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து.

பல வீடுகளில் இளையவர்கள் உங்கள் வார்த்தைக்காகக் காத்திருக்கிறார்கள். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நீங்கள் சொன்னால் அவர்களும் பொறுத்திருப்பார்கள். வெப்பமானியைப் பார்த்துவிட்டு, "கிளம்பு, நானும் வருகிறேன்" என்று சொல்லுங்கள்.