கட்டடத் தொழிலும் நம் இளைஞரும்

(வண்டலூரில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் பிள்ளைகளுக்கு ஏற்ற தொழிற்கல்வி யாது என்பதைக் குறித்துச் சில சொல்லுமாறு காரியதரிசியார் என்னைப் பணித்தார்கள். கட்டடங்களை அளத்தல், மதிப்பிடுதல், மேற்பார்த்தல் ஆகிய தொழில்களைப் பற்றிப் பேச எண்ணினேன். தமிழாசிரியனுக்குச் செங்கல்லோடும் சிமிட்டியோடும் என்ன உறவு என்று நீங்கள் வினவலாம். நெடுநல்வாடை என்னும் பழம்பாட்டிலே பாண்டியன் அரண்மனைக்கு மனை வகுத்த செய்தி வருகின்றது. நண்பகலில் இரு கோல் நட்டு, நிழலால் திசை தெளிந்து, நுட்பமாகக் கயிறு பிடித்து அளந்தார்கள் சிலர். அவர்களை அப்பாட்டுப் புலவர் என்றே அழைக்கின்றது. பாட்டிசைத்தவனுக்கு உரிய பெயரே நிலம் அளந்தவனுக்கும் உரியதாயிற்று. ஆதலின் இத்தொழிலை நம் வீடுகளில் 'கொத்து வேலை' என்று இழித்துரைப்பது அறியாமையே ஆகும்.

நம் ஊரையே பாருங்கள். 1985-இல் மிருகக்காட்சிசாலை இங்கே திறக்கப்பட்டபோது இது சிற்றூர். பின்னர் வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை வெளிவட்டச் சாலை வந்தது. 2023 டிசம்பர் 30-ஆம் நாள் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து நிலையம் திறக்கப்பெற்றது. ஊரப்பாக்கம், முடிச்சூர், மண்ணிவாக்கம் எங்கும் வீடுகள் எழுகின்றன. இத்தனைக் கட்டடத்திற்கும் அளந்து சொல்ல ஆள் வேண்டாவா?

இத்தொழில் மூவகைப்படும். முதலாவது மனை வகுத்தல். நிலத்தின் மட்டம் யாது, மழைநீர் எவ்வழி ஓடும், மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பவற்றை ஆராய்ந்து வரைபடம் அமைப்பது இது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் கண்ணாரக் கண்டோம். நீர் தன் வழியை மறப்பதில்லை. மனை வகுப்பவன் மறந்தால் குடியிருப்பவன் துன்புறுகிறான்.

இரண்டாவது மதிப்பீடு. செங்கல், மணல், ஜல்லி, கம்பி, கூலி இவற்றை வரைபடத்திலிருந்தே கணக்கிட்டு, செலவு இவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்வது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று சொல்லும் நாம், வீட்டிலே போடும் பணத்தை அளவாமலே போடுகிறோம்.

மூன்றாவது மேற்பார்வை. வார்க்கும் காங்கிரீட்டில் சிறிது எடுத்து, 15 சென்டிமீட்டர் கனசதுர அச்சுகளில் வார்த்து, 28 நாள் நீரில் வைத்து, இயந்திரத்தில் நசுக்கி அதன் வலிமையை அறிவர். செய்த வேலையை அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிடுவர். அக்கையொப்பத்தை நம்பியே கண்டிராக்டருக்குப் பணம் போகிறது. அதனை நம்பியே ஒரு குடும்பம் அக்கூரையின்கீழ் உறங்குகிறது.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். யான் சிறு வீடொன்று கட்டத் தொடங்கியபோது, நெருங்கிய உறவினர் ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தேன். எழுத்து இல்லை, மதிப்பீடும் இல்லை. அடித்தளம் முடியுமுன்னரே மனைவியின் நகைகள் அடகுக்குச் சென்றன. அந்நாளில் டிப்ளமா படித்த என் பழைய மாணாக்கன் ஒருவன் என்னைக் காண வந்தான். கிடந்த 12 மில்லிமீட்டர் கம்பி ஒன்றைத் தராசில் இடச் சொன்னான். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மீட்டர் நீளக் கம்பி ஏறக்குறைய 10.67 கிலோ இருத்தல் வேண்டும். என் கம்பி 9 கிலோவே இருந்தது.

"உறவினர் ஆயிற்றே, எப்படிக் கேட்பது?" என்றேன். அவன் பணிவாகவே கேட்டான்: "ஐயா, தங்கள் தமையனார் மகன் என் வகுப்பில்தானே படித்தான், பிழையான விடைக்கு அவனுக்கு மதிப்பெண் போட்டீர்களா?" அன்று ஆசிரியன் யானல்லேன், அவனே.

எடை குறைந்த கம்பியை மாற்றிவிடலாம்; போன உயிரை மாற்ற இயலுமா? 2014 ஜூன் 28-ஆம் நாள் மாலை, போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டி வந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 61 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் வெளியூர்களிலிருந்து கூலிக்கு வந்த ஏழைத் தொழிலாளிகள். அதன் துணைக் கட்டடமும் 2016 நவம்பர் 2-ஆம் நாள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. எந்தக் கட்டடத்திலும் 'இது தகாது, நிறுத்துக' என்று காலத்தில் சொல்லும் ஒரு வாய் இருந்தால், அதுவே பல உயிர்க்குக் காவல்.

இதற்குரிய கல்வி எட்டாக்கனி அன்று. பத்தாம் வகுப்புத் தேறினால் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமா பயிலலாம். தரமணியில் அரசினர் மையப் பாலிடெக்னிக் இருக்கிறது. டிப்ளமா முடித்தோர் இஞ்சினீயரிங் கல்லூரியில் இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். தொழிற்பயிற்சி நிலையங்களில் இரண்டாண்டு வரைவாளர் பயிற்சி உண்டு. அரசாங்க உத்தியோகத்திற்குத் தேர்வாணையத் தேர்வுகள் உள்ளன. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றியதே கிண்டி இஞ்சினீயரிங் கல்லூரி.

தாய்மார்களே, பெண்ணுக்கு இது ஆகாது என்று சொல்லாதீர்கள். அதே கிண்டிக் கல்லூரியில் கட்டடப் பொறியியல் பயின்று 1944-இல் தேறிய பி. கே. திரேசியா அம்மையார், 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமை இஞ்சினீயர் ஆனார்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். நம் பிள்ளைகள் நாளை ஓவர்சியர்களாகவும் இஞ்சினீயர்களாகவும் வருவார்கள். அன்று நம்மவரில் ஒருவர் கண்டிராக்டராக நின்று, "தம்பி, நம்ம பையன்தானே, கொஞ்சம் பார்த்துக்கொள்" என்று சொல்லக்கூடும். அவ்வாறு சொல்லாதிருப்பதே நம் சங்கம் அவர்களுக்குச் செய்யும் பேருதவியாகும். மதிற்சுவருக்குப் பிடிக்கும் நூல், கட்டுபவன் இன்னார் மகன் என்று பார்த்து வளைவதில்லை. நம் சங்கம் கட்ட எண்ணியுள்ள மாணவர் விடுதிக்கே முதலில் முறையான மதிப்பீடும் மேற்பார்வையும் அமைப்போமாக. கட்டுபவர் நம்மவராயினும், அளப்பவர் அளந்தே எழுதட்டும்.