எடுக்கும் முன் ஒரு சுற்று திரும்பிப் பாருங்கள்

(களக்காட்டில் இணையப் பாதுகாப்பு பற்றிப் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதாரண கேமராவில் வேண்டாததை மறைக்கணும்னா, கேமராவைக் கொஞ்சம் திருப்பினால் போதும். 360 டிகிரி கேமராவில் அது நடக்காது. முன்னும் பின்னும் இரண்டு மீன்கண் லென்சுகள். ஒவ்வொன்றும் 180 டிகிரிக்கு மேல் பார்க்கும். இரண்டு படங்களையும் மென்பொருள் ஓரம் சேர்த்து ஒரே உருண்டையாகத் தைத்துவிடும். 2013-இல் ரிக்கோ நிறுவனத்தின் ‘தீட்டா’ வந்த பிறகு, இந்தக் கேமரா கைக்குள் அடங்கிவிட்டது.

போன பொங்கலுக்கு நண்பரிடம் ஒன்றை இரவல் வாங்கி, இங்கே எங்க ஆச்சி வீட்டுப் பட்டாசலில் நிறுத்தினேன். துபாயில் இருக்கும் மாமாவுக்கு வீட்டையே காட்டணும்னு ஆசை. முதல் படத்தில் ஆச்சியின் கை இரண்டாகத் துண்டுபட்டிருந்தது. தையல் விழும் இடத்தில் ரொம்பப் பக்கத்தில் உட்கார்ந்தால் அப்படித்தான். தள்ளி, லென்சுக்கு நேரே உட்கார வைத்ததும் சரியானது. இணையத்தில் ஏற்றி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டேன்.

இரவு மாமா கூப்பிட்டார். “வீட்டுக்குள்ள நிக்க மாதிரியே இருக்கு. ஆனா முதல்ல அதை எடுத்துரு” என்றார்.

பெரிதாக்கிப் பார்த்தேன். மேசைமேல் ஆச்சியின் ஆதார் அட்டை, பாஸ்புக். காலண்டரில் பேனாவால் எழுதிய ஏடிஎம் ரகசிய எண். திறந்திருந்த புறவாசல் வழியே, தலை உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அத்தை.

படத்தை நீக்கினேன். மறுநாளே ரகசிய எண்ணை மாற்றினோம். அத்தையிடம் போய்ச் சொன்னேன். “என்னைக் கேட்டிருக்கலாம்லா?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

2022 ஜூலையில் சென்னை உட்பட 10 இந்திய நகரங்களில் கூகுள் ஸ்ட்ரீட் வியூ வந்தது. அதில் முகங்களையும் வண்டி எண்களையும் மங்கலாக்கிவிடுகிறார்கள். நம் வீட்டுப் படத்துக்கு அந்த வேலையை நாம்தான் செய்யணும்.

ஆகவே, கேமரா நிற்கப்போகும் இடத்தில் முதலில் நீங்கள் நின்று ஒரு சுற்று திரும்பிப் பாருங்கள். மேசை, சுவர், கண்ணாடி, ஜன்னல் நான்கையும் கவனியுங்கள். படத்தில் விழுபவர்களிடம் கேளுங்கள். ஆதார் நகல் தேவைப்பட்டால், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பயன்படுத்துங்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

பிறகு இன்னொரு படம் எடுத்தோம். அதில் அத்தையும் இருக்கிறார், புதுச்சேலை கட்டி, ஆச்சி பக்கத்தில். இந்த முறை கேட்டுத்தான் எடுத்தேன்.