நாட்டுக்கொடி நிறத்துச் சட்டை

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா மேடையில் படிப்பைப் பற்றித்தான் பேச வேண்டும் என்பது வழக்கம். நான் சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறேன். சென்ற மாதம் லயத்துக்குப் பின்னால் உள்ள இறக்கத்தில், பிரேக்கைக் கழற்றிய சைக்கிளில் வயிற்றால் படுத்துக்கொண்டு நம் பையன்கள் பாய்ந்து வந்ததைக் கண்டேன். "என்னடா இது?" என்றேன். "ரேஸ் சார்!" என்றான் ஒருவன்.

அப்படியானால் ரேஸ் என்பது என்னவென்று சொல்லித்தானே ஆக வேண்டும்?

நாடுகள் ஆண்டுக்கொரு முறை தேசிய சாலை சைக்கிள் போட்டி நடத்துகின்றன. அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே அந்தப் பட்டம். வெளிநாட்டுக் குழுக்களில் சம்பளத்துக்கு ஓட்டுபவர்களும் அன்றைக்குத் தாய்நாட்டுக்கு வந்து மோதுவார்கள். எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்டு முதலில் கோட்டைத் தாண்டுவது ஒரு வகை. ஒவ்வொருவராகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு மோதுவது இன்னொரு வகை. வென்றவருக்குப் பதக்கத்தோடு, நாட்டுக்கொடியின் நிறங்கள் கொண்ட சட்டை கிடைக்கும். அடுத்த ஆண்டுப் போட்டிவரை, எந்த நாட்டுச் சாலையில் ஓட்டினாலும் அந்தச் சட்டையைத்தான் போட வேண்டும். ஆனால் எந்த வகையில் வென்றாரோ அந்த வகைப் போட்டியில் மட்டும்தான். மறு ஆண்டு தோற்றாலும், கழுத்துப் பட்டையிலும் கை ஓரத்திலும் அந்த நிறக்கோடு நிலைக்கும். இதைப் போல் ஒரு மரியாதை வேறு விளையாட்டில் உண்டா, தெரியவில்லை.

வேகம் மட்டும் இருந்தால் போதாது. முன்னால் போகிறவன் காற்றைக் கிழிக்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டி வருகிறவனுக்குக் கால்பங்கு உழைப்பாவது மிச்சம். அதனால் கெட்டிக்காரன் கூட்டத்துக்குள் பொறுமையாக இருப்பான். மலை வந்தால்தான் கணக்குத் தீரும். ஜெலுபு போகும் வழியில் புக்கிட் தங்காவையும், கோலப்பிலா போகும் வழியில் புக்கிட் பூத்துஸையும் நினைத்துப் பாருங்கள். அங்கே காற்றுக்கு ஒளிந்து பயனில்லை, காலும் நெஞ்சும்தான்.

இப்போது பிரேக் விஷயத்துக்கு வருகிறேன். அனைத்துலகச் சங்கத்தின் விதிப்படி சாலைப் போட்டிச் சைக்கிளின் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும். 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளை விடமாட்டார்கள். 2003-இல் பிரான்சில் கிவிலேவ் என்ற கசாக்ஸ்தான் வீரர் விழுந்து இறந்த பிறகு தலைக்கவசமும் கட்டாயம். "நீலாய் வெலோட்ரோம்ல பிரேக் இல்லாமத்தானே ஓட்டுறாங்க?" என்பீர்கள். ஆமாம். அது 250 மீட்டர் மரத்தளம். அங்கே லாரி வராது, மாடு குறுக்கே வராது. பெடலை நிறுத்தினால் சக்கரமும் நிற்கும்படி பூட்டிய சைக்கிள் அது. உங்கள் சைக்கிள் அப்படியா? 2017 பிப்ரவரி 18 விடியற்காலை ஜொகூர் பாருவில், மாற்றியமைத்த சைக்கிள்களோடு சாலையில் இருந்த எட்டுச் சிறுவர்கள் கார் மோதி மாண்டார்கள். அவர்களும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தானே!

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது, அதே பையன் கேட்டான்: "நம்ம ஆளு யாராவது போயிருக்காங்களா சார்?"

போயிருக்கிறார்கள். எம். குமரேசன் 1988-இல் சியோல், 1992-இல் பார்சிலோனா என இரண்டு ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காகச் சைக்கிள் ஓட்டினார். அவருக்கு முன்பே, 1978-இல் பேங்காக் ஆசிய விளையாட்டில் இங் ஜூ இங்கான் என்ற மலேசிய வீரர் சாலைப் போட்டியில் தங்கம் வென்றிருந்தார். பெரட்டுக்கும் பால்மரக் காட்டுக்கும் காலமெல்லாம் சைக்கிள் மிதித்த நம் பாட்டன்மாருக்கு அந்த மிதி புதிதல்ல. சட்டைதான் புதிது.

பெற்றோர்களே, ரேஸ் சைக்கிளின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஜூனியர் பிரிவே பதினேழு, பதினெட்டு வயதுக்காரர்களுக்குத்தான். ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கும் தனிப் பட்டம் உண்டு, அவர்களையும் அனுப்புங்கள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோயில் வாசலில் நிற்பேன். இருக்கிற சைக்கிளைக் கொண்டு வாங்க. பிரேக் இரண்டையும் முதலில் பிடித்துப் பார்ப்பேன்.