நூற்றுக்கு மூன்று



கடையில் நிறுத்துக் கொடுக்கும் பொருளின் எடையை நாம் நம்புகிறோம். எடைக்கல்லின்மீது பொறித்த அரசாங்க முத்திரையே அந்த நம்பிக்கைக்கு ஆதாரம். விண்வெளியில் செல்லும் தொலைநோக்கிக்கு அத்தகைய முத்திரைக்கல் எங்கே கிடைக்கும்?

2003 ஆகஸ்டு 25-ஆம் நாள் அமெரிக்கா ஸ்பிட்ஸர் என்னும் தொலைநோக்கியை விண்ணில் செலுத்தியது. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களைப் படம்பிடிக்கும் காமிரா ஒன்று அதில் இருந்தது. 3.6, 4.5, 5.8, 8 மைக்ரான் ஆகிய நான்கு அலைநீளங்களில் அது படமெடுத்தது. ஒவ்வொரு படத்திலும் நீளவாக்கில் 256, அகலவாக்கில் 256, ஆக 65,536 உணர்புள்ளிகள். அவை அனைத்தும் ஒளியை ஒரே அளவாக உணர்வதில்லை. எனவே மூன்று வகையான சரிபார்ப்புத் தேவைப்பட்டது.

முதலாவது, இருளின் அளவு. ஒளி விழாதபோதும் கருவி ஓர் எண்ணைக் காட்டும். அதைக் கழித்தாக வேண்டும். காமிராவிற்கு மூடி இருந்தது. ஆனால், மூடியபடியே அது சிக்கிக்கொண்டால் கருவி முழுவதும் வீணாகிவிடுமே! ஆகவே விஞ்ஞானிகள் அம்மூடியை விண்வெளியில் பயன்படுத்தவில்லை. மாறாக, வானில் ஒளி குறைந்த ஒரு பகுதியைப் படமெடுத்து, அதையே இருளுக்கு அளவாகக் கொண்டனர்.

இரண்டாவது, புள்ளிகளிடையே உள்ள வேற்றுமை. கிரகங்கள் செல்லும் தளத்தில் பரவியுள்ள தூசு, அகச்சிவப்பில் ஏறக்குறைய சீராக ஒளிரும். அதைப் பார்க்கச் செய்து, எப்புள்ளி கூடுதலாகக் காட்டுகிறது, எப்புள்ளி குறைவாகக் காட்டுகிறது என்று கணித்தனர்.

மூன்றாவதே முத்திரைக்கல். ஒளியின் அளவு நன்கறியப்பட்ட விண்மீன்களை மீண்டும் மீண்டும் படமெடுத்தனர். வெண்ணிற விண்மீன்கள் ஒரு விடை தந்தன. செம்மஞ்சள் நிற ராட்சத விண்மீன்கள் சில விழுக்காடு வேறுபட்ட விடை தந்தன. இவற்றின் வளிமண்டலத்திலுள்ள கார்பன் மோனாக்ஸைடு போன்ற மூலக்கூறுகள் சில அலைநீளங்களை விழுங்கிவிடும், கணிப்பது கடினம். எனவே வெண்ணிற விண்மீன்களையே ஆதாரமாகக் கொண்டனர். பிழை நூற்றுக்கு மூன்றுக்கு மேற்படாது என்று 2005-இல் வெளியிட்டனர்.

இதனால் என்ன பயன்? ஒரு விண்மீன் 100 பங்கு ஒளி தரவேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. காமிரா 102 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சுற்றி வெப்பமான தூசு வளையம் உண்டென்று அறிவிக்கலாமா? கூடாது. அந்த இரண்டு பங்கு கருவியின் பிழையாகவே இருக்கலாம். 120 காட்டினாலோ, வளையத்தைத் தேடுவதில் நியாயம் உண்டு.

பல்லாண்டுகள் விஞ்ஞானம் கற்பித்த நான், செய்முறைக் குறிப்பேட்டைத் திறந்தால் விடைக்கு முன் பிழையின் எல்லையைத்தான் பார்ப்பேன். அது இல்லாத விடையைப் பிறர் பயன்படுத்த இயலாது. ஸ்பிட்ஸர் 2020 ஜனவரி 30-இல் ஓய்வு பெற்றது; அதன் படங்களையோ இன்றும் ஆராய முடிகிறது. எவ்வளவு நம்பலாம் என்பது அவற்றுடன் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. நீங்களும் அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் ஓர் எண்ணைக் குறிக்கும்போது, அதன் பக்கத்தில் பிழையின் அளவையும் குறித்து வையுங்கள்.