சுட்டியைத் தட்டினால் உலாவி திறக்கவில்லையா? கணினியைக் கடைக்குத் தூக்க வேண்டாம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பீடோரில் ஒரு வீடு. அந்த வீட்டுப் பெண் எஸ்.பி.எம். முடித்துவிட்டு, கல்வி உதவி நிதி ஒன்றுக்கு இணையம் வழி விண்ணப்பித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் மின்னஞ்சல் வந்துவிட்டது. ‘விண்ணப்பத்தை உறுதிப்படுத்த இங்கே தட்டவும்’ என்று நீல நிறத்தில், அடிக்கோடு போட்டு ஒரு சுட்டி இருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் தட்டியாக வேண்டும். தட்டுகிறார், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் தட்டினால் ஆங்கிலத்தில் ஏதோ ஓர் அறிவிப்பு வந்து நிற்கிறது. அப்பா, கணினி தெரிந்த ஒரு தம்பிக்குப் போன் போடுகிறார். “வைரஸா இருக்கும் அண்ணே, கொண்டு வாங்க, ஃபார்மட் பண்ணிடலாம்” என்று பதில் வருகிறது. கணினி தாப்பாவுக்கோ ஈப்போவுக்கோ போய்விடுகிறது. அது திரும்பி வருவதற்குள் கெடு முடிந்துவிடும்.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை இது. ஃபார்மட் என்றால் கணினியின் வட்டில் இருப்பதை எல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. கல்யாணப் படங்கள், கடைக் கணக்கு, பிள்ளைகளின் பாடக் குறிப்புகள் எல்லாம் அதில் போகும். மின்னஞ்சலும் போகலாம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பலரும் பயன்படுத்திய அவுட்லுக் எக்ஸ்பிரஸ், மடல்களைக் கணினிக்குள் இறக்கிக்கொள்ளும். வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், இறக்கி முடித்ததும் அஞ்சல் சேவையகத்தில் அவை அழிந்துவிடும். இதற்குப் ‘பாப்’ முறை என்று பெயர். இன்றைக்கும் அவுட்லுக்கில் அந்த முறையில் கணக்கு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இருக்கும் ஒரே பிரதி வீட்டுக் கணினியில்தான் இருக்கலாம். உலாவி திறக்கவில்லை என்ற சின்னக் கோளாறுக்காகப் பத்து வருட மடல்களைப் பறிகொடுப்பது நியாயமா?

கோளாறு எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மின்னஞ்சல் மென்பொருளின் வேலை மடலைக் காட்டுவது. இணையப் பக்கத்தைத் திறப்பது உலாவியின், அதாவது பிரவுசரின் வேலை. சுட்டியைத் தட்டியதும், மின்னஞ்சல் மென்பொருள் அந்த முகவரியை விண்டோஸிடம் கொடுத்து ஒதுங்கிக்கொள்கிறது. விண்டோஸ் தன்னிடம் உள்ள ஒரு பதிவேட்டைப் புரட்டி, ‘எச்.டி.டி.பி.’ என்று தொடங்கும் முகவரியை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று பார்க்கிறது. அந்தப் பதிவேட்டுக்குப் பெயரே ரெஜிஸ்ட்ரி.

ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். தபால் தோட்ட ஆபீசுக்கு வரும். கிராணி பெயரைப் பார்த்து, எந்த லயம், எத்தனையாவது வீடு என்று சொல்லி அனுப்புவார். அந்தக் குடும்பம் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போய் ஆறு மாதம் ஆகியிருக்கும்; பதிவேட்டில் பழைய லயமே இருக்கும். கடிதம் பூட்டிய வீட்டு வாசலில் கிடக்கும். கடிதம் எழுதியவர் மேல் குற்றமில்லை, தபால்காரர் மேலும் குற்றமில்லை. பதிவேட்டில் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

ஒரு காலத்தில் இந்தக் கைமாற்றமே பெரிதாக இருந்ததில்லை. 1990-களின் பிற்பாதியில் நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டரைப் பயன்படுத்தியவர்களுக்கு உலாவியும் மின்னஞ்சலும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. பிறகு பாகப்பிரிவினை நடந்தது. மொசில்லா, ஃபயர்ஃபாக்ஸ் 1.0 என்ற உலாவியை 2004 நவம்பரிலும், தண்டர்பேர்டு 1.0 என்ற மின்னஞ்சல் மென்பொருளைத் தனியாக 2004 டிசம்பரிலும் வெளியிட்டது. இரண்டும் தனித்தனி ஆனதால் நடுவில் ஒரு தரகர் தேவைப்பட்டார். தரகர் இருக்கும் இடத்தில் குழப்பமும் இருக்கும்.

இனி, சோதனைக்கு வரலாம். மின்னஞ்சலை அப்படியே விட்டுவிட்டு, உலாவியை நேரடியாகத் திறந்து ஏதாவது ஒரு செய்தித்தாளின் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். பக்கம் வந்தால் இணைய இணைப்பிலும் குறையில்லை, உலாவியிலும் குறையில்லை. அடுத்து, மடலில் உள்ள சுட்டியின் மேல் மவுசின் வலப் பக்கப் பொத்தானை அழுத்துங்கள். ‘காப்பி ஹைப்பர்லிங்க்’ என்றோ ‘காப்பி லிங்க்’ என்றோ ஒரு வரி தெரியும். அதைத் தேர்ந்தெடுத்து, உலாவியின் முகவரிக் கட்டத்தில் ஒட்டி, என்டர் தட்டுங்கள். பக்கம் திறந்துவிட்டதா? அந்தப் பெண்ணின் விண்ணப்ப வேலை அங்கேயே முடிந்தது. கோளாறு நடுவில் உள்ள பதிவேட்டில்தான் என்பதும் உறுதியாகிவிட்டது. அதைச் சாவகாசமாக ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ஆங்கில அறிவிப்பு என்ன சொல்கிறது? பழைய அவுட்லுக்கில், ‘இந்தக் கணினியில் உள்ள கட்டுப்பாடுகளால் இச்செயல் ரத்து செய்யப்பட்டது, உங்கள் நிர்வாகியை அணுகவும்’ என்ற பொருளில் வரும். 2013-க்குப் பிந்தைய அவுட்லுக்கில், ‘உங்கள் நிறுவனத்தின் கொள்கைகள் தடுக்கின்றன, உதவி மையத்தைத் தொடர்புகொள்ளவும்’ என்ற பொருளில் வரும். வீட்டில் இருப்பது ஒரே ஒரு கணினி. அதற்கு எங்கே நிறுவனம், எங்கே கொள்கை, எங்கே உதவி மையம்? அலுவலகங்களுக்காக எழுதிய வாசகம் வீட்டுக்காரரின் தலையில் வந்து விழுகிறது. யாரோ கணினியைப் பூட்டிவிட்டார்கள் என்று மக்கள் மிரண்டு போவதற்கு இந்த வாசகம் ஒரு முக்கியக் காரணம்.

பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். யாரோ குரோம் உலாவியை ஏற்றியிருப்பார்கள். அது முதன்மை உலாவியாகப் பதிவேட்டில் ஏறியிருக்கும். பிறகு இடம் போதவில்லை என்று அதை நீக்கியிருப்பார்கள். ஆள் போய்விட்டார், பெயர் மட்டும் பதிவேட்டில் நிற்கிறது. விண்டோஸ் முகவரியை இல்லாத ஆளிடம் கொடுக்கப் பார்த்து, முடியாமல், கட்டுப்பாடு, கொள்கை என்று புலம்புகிறது.

திருத்துவது எளிது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ‘செட்டிங்ஸ்’, அதில் ‘ஆப்ஸ்’, அதில் ‘டிஃபால்ட் ஆப்ஸ்’ என்று போக வேண்டும். விண்டோஸ் 10-இல் ‘வெப் பிரவுசர்’ என்ற தலைப்பின் கீழ் வேண்டிய உலாவியைத் தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸ் 11-இல் உலாவியின் பெயரைத் தட்டி, மேலே உள்ள ‘செட் டிஃபால்ட்’ பொத்தானை அழுத்த வேண்டும். 2021-இல் விண்டோஸ் 11 வெளிவந்தபோது இந்தப் பொத்தான் இல்லை. ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் தனித்தனியே மாற்ற வேண்டியிருந்தது. பயனர்கள் முணுமுணுத்த பிறகு 2022-இல் வந்தது. சரியான பெயர் ஏற்கெனவே அங்கே இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். வேறோர் உலாவியைத் தேர்ந்தெடுத்து, மறுபடி பழையதற்கே மாற்றுங்கள். பதிவேட்டில் அந்த வரி புதிதாக எழுதப்படும். அப்படியும் சரியாகவில்லை என்றால், நீக்கிய குரோமையே திரும்ப ஏற்றி, வேறோர் உலாவியை முதன்மையாக்கிவிட்டு, அதன் பிறகு குரோமை நீக்கலாம். சுற்றுவழிதான், ஆனால் பலருக்குக் கைகொடுத்த வழி. ரெஜிஸ்ட்ரியை நேரடியாகத் திறந்து திருத்தும் வழியும் உண்டு. பழக்கமில்லாதவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

ஒன்றும் நடக்காமல் சும்மா இருப்பதற்கு வேறு காரணமும் உண்டு. உலாவியை மூடியதாக நினைப்போம், அது உள்ளே பாதி உறக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் இப்படி மாட்டிக்கொண்டால், தான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதாகவும் பதில் தரவில்லை என்றும் தன்னைப் பற்றியே அறிவிக்கும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ வரும். அதில் உலாவியின் பெயரைத் தேர்ந்தெடுத்து முடித்துவைக்கலாம். கணினியை ஒருமுறை நிறுத்தி இயக்கினாலும் இதே பலன்தான்.

சிலருக்கு உலாவி திறக்கிறது, ஆனால் விரும்பிய உலாவி திறப்பதில்லை. குரோமை முதன்மையாக வைத்தும் அவுட்லுக்கின் சுட்டிகள் எட்ஜில் திறந்தால் அது கோளாறில்லை. 2023 முதல் மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக்கில் அப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தது. ‘ஃபைல்’, ‘ஆப்ஷன்ஸ்’, ‘அட்வான்ஸ்ட்’ என்று போனால் எந்த உலாவியில் திறக்க வேண்டும் என்பதை அங்கே மாற்றலாம். பயனரின் விருப்பத்தைக் கேட்காமல் பதிவேட்டைத் தாண்டிப் போவது அவ்வளவு மரியாதையான செயலாகத் தோன்றவில்லை.

கைப்பேசியிலும் இதே கதை நடந்திருக்கிறது. 2020 செப்டம்பரில் ஐஓஎஸ் 14 வந்தபோதுதான் ஐபோனில் முதன்மை உலாவியை மாற்றும் உரிமை கிடைத்தது. ஆனால் போனை அணைத்து எழுப்பினால் பழையபடி சஃபாரிக்கே திரும்பிவிட்டது. அடுத்த திருத்தப் பதிப்பில் சரிசெய்தார்கள். 2021 மார்ச்சில் ஆண்ட்ராய்டு போன்களில் ‘வெப்வியூ’ என்ற உள் உறுப்பின் புதுப்பிப்பு ஒன்று பிசகி, உலகெங்கும் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் திறந்ததும் மூடிக்கொண்டன. செயலிகளில் பிழையில்லை, போனிலும் பிழையில்லை, நடுவில் இருந்த ஓர் உறுப்பில் பிழை. அன்றைக்கு அவசரப்பட்டுப் போனைத் துடைத்தவர்களுக்கு நஷ்டம், காத்திருந்தவர்களுக்குத் திருத்தம் தானாக வந்தது.

தமிழர்களுக்கென்று தனியாக ஒரு தொல்லையும் உண்டு. இணைய முகவரியில் தமிழ் எழுத்துகள் இருந்தால், அவை அனுப்பப்படும்போது விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக மாறிவிடும். ஒருங்குறியில் ஒவ்வொரு குறியும் ஒன்பது இடத்தைப் பிடிக்கும். ‘வணக்கம்’ என்ற ஐந்தெழுத்துச் சொல்லில், புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறிகள் உள்ளன. ஆக 63 இடம். வெறும் எழுத்தாக அனுப்பப்படும் மடலில் ஒரு வரி 78 இடத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்பது மின்னஞ்சலின் பழைய விதி. நீளமான தமிழ் முகவரி அந்த இடத்தில் இரண்டாக உடையும். முதல் வரி மட்டும் நீலமாகும். தட்டினால் ‘பக்கம் இல்லை’ என்று வரும். இரண்டு வரிகளையும் நகலெடுத்து, நடுவில் இடைவெளி இல்லாமல் சேர்த்து ஒட்டினால் திறந்துவிடும். அனுப்புகிறவர்கள் முகவரியைச் சுருக்கி அனுப்பினால் இன்னும் நல்லது.

இவ்வளவும் சொன்ன பிறகு, திறக்காமல் இருப்பதே நல்லது என்னும் சுட்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘ஜங்க்’ பெட்டிக்குள் போன மடலில் சுட்டிகளை அவுட்லுக் வேண்டுமென்றே செயலிழக்கச் செய்கிறது. அது பழுதில்லை, காவல். நகலெடுத்து ஒட்டும் வழியில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. மடலில் வங்கியின் பெயர் தெரியும், ஒட்டிய முகவரியில் எங்கோ உள்ள வேறொரு பெயர் தெரியும். என்டர் தட்டுவதற்கு முன் அதைப் படித்துப் பார்க்கலாம். மலேசிய அரசுத் தளம் என்று சொல்லிக்கொள்ளும் முகவரி, தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்பாக ‘.ஜிஓவி.எம்ஒய்’ என்பதற்குரிய ஆங்கில எழுத்துகளில் முடிகிறதா என்று பாருங்கள். மோசடிகள் பெருகியதால், சுட்டி உள்ள குறுஞ்செய்திகளை 2023 மே மாதத்திலிருந்து தடுக்கும்படி தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் உத்தரவிட்டது. மின்னஞ்சலுக்கு அப்படி ஒரு தடை இல்லை.

‘உங்கள் உலாவியில் கோளாறு, நாங்கள் சரிசெய்கிறோம்’ என்று யாராவது தாமாக அழைத்து, தூரத்திலிருந்து கணினியை இயக்கும் மென்பொருளை ஏற்றச் சொன்னால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் உடனே 997 என்ற எண்ணில் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை அழைக்க வேண்டும். அது 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

என்ன செய்தும் சரியாகவில்லை, கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் போகலாம். போவதற்கு முன் படங்களையும் ஆவணங்களையும் வெளி வட்டு ஒன்றில் பிரதி எடுங்கள். அவுட்லுக்கில் பாப் கணக்கு இருந்தால் ‘.பிஎஸ்டி’ என்று முடியும் கோப்பையும் மறக்காமல் எடுங்கள், மடல்கள் அதில்தான் இருக்கின்றன. கடைக்காரரிடம், “தம்பி, டிஃபால்ட் பிரவுசரை மட்டும் பாருங்க, என்னைக் கேக்காம ஃபார்மட் பண்ணாதீங்க” என்று வாய்விட்டுச் சொல்லி, அதையே ரசீதிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.